கிம்மரிட்ஜ் கல்லும் கல்கிசைக் கல்லும்: பெயரட்டையில் என்ன எழுதுவது?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதம் இது. இங்கிலாந்தில் அக்கா வீட்டுக்குப் போன சமயம், டோர்செற் கரையில் கிம்மரிட்ஜ் என்ற இடத்தில் கறுத்த கல்லொன்றைப் பொறுக்கி வந்திருக்கிறீர்கள். அது புத்தகத் தாள் மாதிரி இதழ் இதழாகப் பிரிகிறது. கொழும்பு வெள்ளவத்தைக்குத் திரும்பிய பின் பக்கத்துக் கல்கிசைக் கரையிலும் கோடு கோடாக அடுக்கிய பாறையைக் கண்டு படமெடுத்திருக்கிறீர்கள். மகளின் பாடசாலைக் கண்காட்சியில் கல்லையும் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க விருப்பம். இரண்டும் ஷேல்தானா, பெயரட்டையில் என்ன எழுதுவது என்று கேட்கிறீர்கள். கூடவே ஒரு குழப்பம்: கிம்மரிட்ஜ் கல்லை அங்கிருந்த பலகை ‘கிம்மரிட்ஜ் கிளே’ என்கிறது, அத்தான் ‘கிம்மரிட்ஜியன்’ என்கிறார், வழிகாட்டிப் புத்தகம் வெறுமனே ‘ஷேல்’ என்கிறது. மூன்றில் எது சரி?

மூன்றும் சரி. ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கான பதில், அவ்வளவுதான். ஷேல் என்பது இது என்ன வகைக் கல் என்பதற்கு. கிம்மரிட்ஜ் கிளே என்பது இது எந்தப் பாறைத் திரளைச் சேர்ந்தது என்பதற்கு. கிம்மரிட்ஜியன் என்பது எப்போது படிந்தது என்பதற்கு. பெயரட்டையில் இந்த மூன்றையும் தனித்தனி வரியில் எழுதப் பழகினாலே பாதிக் குழப்பம் தீரும். கல்கிசைக் கல்லுக்கு இந்த மூன்று வரியையும் அப்படியே நிரப்ப முடியாது என்பதும் அப்போதுதான் கண்ணில் படும். அதற்குப் பிறகு வருகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பில் உயர்ந்த கட்டடங்களுக்கு அத்திவாரம் போடுமுன் துளையிட்டு எடுக்கும் கல் உருளைகளை மீற்றர் மீற்றராகப் பார்த்து எழுதி வைப்பதுதான் என் தொழில். ஆகவே கல்கிசைக் கல்லைப் பற்றிக் கைப்பழக்கத்தில் பேசுகிறேன், கிம்மரிட்ஜைப் பற்றிப் படித்த படிப்பில் பேசுகிறேன். இரண்டுக்கும் உள்ள எடை வித்தியாசத்தை மனதில் வைத்து வாசியுங்கள்.

முதலில் கல் வகை. சேறு இறுகிக் கல்லான எதையும் பொதுவாகச் சேற்றுக்கல் என்கிறோம். அதன் துணிக்கைகள் ஒரு மில்லிமீற்றரின் பதினாறில் ஒரு பங்கிலும் சிறியவை. கண்ணுக்குத் தனித்தனியே தெரியாது. அந்தச் சேற்றுக்கல் படைகளின், அதாவது படிந்த அடுக்குகளின், போக்கிலேயே மெல்லிய தகடுகளாகப் பிரிந்தால்தான் ஷேல். கட்டியாக உடைந்தால் சேற்றுக்கல் என்றே நிறுத்திக்கொள்வது நேர்மை. தகடாகப் பிரியக் காரணம், களிமண் கனிமங்களே தட்டையான மிகச்சிறு செதில்களாக இருப்பதுதான்; மேலே படிந்த பாரம் அமுக்க அமுக்க அவை கிடையாகப் படுத்துவிடுகின்றன. புழுக்களும் சிப்பிகளும் குடைந்து கலக்கிய சேற்றில் செதில்கள் தாறுமாறாகக் கிடக்கும், அது தகடாகப் பிரியாது. அதனால் நன்றாகப் பிரியும் கறுத்த ஷேலைப் பார்த்தால், அது படிந்த கடலடியில் பிராணவாயு குறைவாக இருந்திருக்கலாம், குடைகிற உயிர்கள் அங்கே வாழவில்லை என்று ஊகிக்க இடமுண்டு. கிம்மரிட்ஜின் கறுத்த படைகளுக்கு அது பொருந்துகிறது. உயிர்ப்பொருள் மக்கிப் போகாமல் அப்படியே அமுங்கியதால்தான் அந்தக் கறுப்பு. வட கடல் எண்ணெயின் பெரும்பகுதிக்கு மூலமும், கடலுக்கடியில் ஆழப் புதைந்து சூடேறிய இதே பாறைதான்.

அங்கே ‘பிளாக்ஸ்டோன்’ என்று ஒரு படை உண்டு. எண்ணெய்ச்சத்து மிகுந்த அதை ஊரார் அடுப்பெரிக்கவே பாவித்திருக்கிறார்கள். அதற்கும் முன்னே, ரோமர் காலத்தில் இந்த ஷேலைக் கடைந்து காப்புகள் செய்தார்கள். கடைசலில் நடுவே மிஞ்சிய வட்டத் துண்டுகள் பிற்காலத்தில் நிறையக் கிடைத்தபோது, அவை பழங்கால நாணயம் என்று நம்பி ‘நிலக்கரிக் காசு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மகளின் அட்டையில் இது ஒரு வரி வந்தால் பிள்ளைகள் நின்று வாசிப்பார்கள்.

இனி இரண்டாவது பெயர். பாறைப் படங்கள் வரையும்போது அடிப்படை அலகாக வைத்திருப்பது ஃபோர்மேஷன் என்பதை. அதற்குள் சிறு அலகு மெம்பர், அதற்கும் கீழே படை. பல ஃபோர்மேஷன் சேர்ந்தால் குரூப். சர்வதேசப் படையியல் வழிகாட்டி 1976இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 1994இல். அது கேட்பவை சுருக்கமாக இவை: அந்தப் பாறைத் திரள் அயல் பாறையிலிருந்து பார்த்தே பிரித்தறியத்தக்கதாக, வரைபடத்தில் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். கீழெல்லை மேலெல்லை எங்கே என்று சொல்ல வேண்டும். எல்லாரும் போய்ப் பார்த்து ஒப்பிடக்கூடிய ஒரு மாதிரி இடத்தைக் காட்ட வேண்டும். அந்த இடத்தின் ஊர்ப் பெயர் முன்னால் வரும், பின்னால் கல் வகையோ அலகின் பெயரோ வரும். வேறெங்கும் ஏற்கெனவே பாவித்த பெயராக இருக்கக்கூடாது. கடைசியாக, ஆய்வாளர் வாசிக்கும் வெளியீட்டில் விவரணையோடு அச்சேற வேண்டும். வயது இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஃபோர்மேஷன் என்பது கல்லைப் பார்த்துப் பிரிப்பது, காலத்தைப் பார்த்து அல்ல.

கிம்மரிட்ஜ் கிளே என்ற பெயர் இந்த விதிகளுக்கெல்லாம் மூத்தது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. உள்ளே இருப்பது பெரும்பாலும் சேற்றுக்கல்லும் ஷேலும், இடையிடையே வெளிறிய சுண்ணக்கல், டொலமைற் பட்டிகளும். டோர்செற்றில் மொத்தத் தடிப்பு ஏறத்தாழ 500 மீற்றர். கையில் எடுத்தால் களிமண்ணாகத் தோன்றாததை ‘கிளே’ என்பது உங்களுக்கு உறுத்தியது நியாயமே. ஆனால் நிலைத்துவிட்ட பழைய பெயரைக் கல் வகை பொருந்தவில்லை என்பதற்காக மாற்றுவதில்லை. மாற்றினால் அந்தப் பெயரில் எழுதிய இருநூறு ஆண்டுப் பதிவுகளும் அநாதையாகிவிடும். இன்றைய முழுப்பெயர் ‘கிம்மரிட்ஜ் கிளே ஃபோர்மேஷன்’. அட்டையில் அதையே எழுதுங்கள்.

மூன்றாவது பெயரில்தான் எனக்கு மிகப் பிடித்த சிக்கல் இருக்கிறது. கிம்மரிட்ஜியன் என்பது ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில் ஒரு கட்டம், ஏறத்தாழ 15.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 14.9 கோடி ஆண்டளவில் முடிகிறது. அடுத்த கட்டம் தித்தோனியன். கிம்மரிட்ஜ் கிளே படிந்து முடியுமுன்னே கட்டம் மாறிவிட்டது. ஆகவே அந்த விரிகுடாவுக்குக் கிழக்கே நிற்கும் செங்குத்துப் பாறைகளில், பிளாக்ஸ்டோன் உட்பட, பெரும்பகுதி சர்வதேசக் கணக்கில் தித்தோனியன். கிம்மரிட்ஜில் நிற்கும் கிம்மரிட்ஜ் கிளே, ஆனால் கிம்மரிட்ஜியன் அல்ல! பிரித்தானியாவில் வெகுகாலம் முழுவதையும் கிம்மரிட்ஜியன் என்றே எழுதி வந்ததால் பழைய புத்தகங்களில் இந்த வித்தியாசம் தெரியாது. உங்கள் அத்தான் அப்படியொரு புத்தகத்தில் படித்திருக்கலாம். இன்னுமொன்று: கிம்மரிட்ஜியன் கட்டத்தின் தொடக்க எல்லைக்கு உலகம் ஒப்புக்கொண்ட அடையாள இடம் கிம்மரிட்ஜில் இல்லை. ஸ்கொட்லாந்தில் ஸ்கை தீவின் புளோடிகாரிக் கரையில் இருக்கிறது, 2021இல் உறுதியானது. அதுவும் கடலோர ஷேல்தான். ஸ்டாஃபின் ஷேல் ஃபோர்மேஷன், அதற்குள் புளோடிகாரி ஷேல் மெம்பர். பெயரிடும் முறை எப்படி ஊர், கல் வகை, அலகு என்று வரிசையாக வருகிறது என்பதற்கு இதைவிடத் துப்புரவான உதாரணம் கிடையாது.

ஆகவே உங்கள் துண்டுக்கு வயது எழுதுவது நீங்கள் அதை எங்கே பொறுக்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. விரிகுடாவின் எந்தப் பக்கம் என்று ஞாபகம் இல்லாவிட்டால், அலை உருட்டிக் கொண்டுவந்த துண்டாக இருந்தால், ‘பிந்திய ஜுராசிக்’ என்று மட்டும் எழுதுங்கள். அது நிச்சயம் பிழைக்காது.

இனிக் கல்கிசை. உங்கள் படத்தில் உள்ளது ஷேல் இல்லை. இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன். வெளிறிய பட்டியும் கருமையான பட்டியும் மாறி மாறி வருகின்றன, சில இடங்களில் பட்டி வளைந்து வீங்கி மெலிகிறது, வெயிலில் சிறுசிறு பொட்டுகள் மின்னுகின்றன. அது நைஸ், அதாவது பூமிக்குள் ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய பாறை. மின்னுவது மைக்கா. வெளிறிய பட்டிகளில் குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும், கரும்பட்டிகளில் கறுப்பு மைக்காவும் ஹோர்ன்பிளெண்ட் என்ற கருங்கனிமமும் இருப்பது வழக்கம். இலங்கை நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இந்த மாதிரிப் பழம்பெரும் உருமாறிய பாறைகள்தான். கொழும்பில் நாங்கள் துளையிடும்போது களிமண், மணல், கபுக் எனும் செம்புறைக்கல் எல்லாம் தாண்டிக் கடைசியில் துளைக்கருவி முட்டி நிற்பதும் அதில்தான். படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதது, அது எந்த நைஸ் என்பது. கரும்பட்டியில் மைக்கா கூடவா, ஹோர்ன்பிளெண்ட் கூடவா, பச்சை கலந்த பழுப்பாகத் தெரிவது சார்னொகைட் என்ற கல் வகையா என்பதற்கு உடைந்த புதிய முகத்தை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும், சரியாகச் சொல்வதானால் மெல்லிய சீவலாக்கி நுணுக்குக்காட்டியில் வைக்க வேண்டும்.

சார்னொகைட் என்றதும் ஒன்று. அந்தப் பெயர் கல்கத்தாவில் ஜொப் சார்னொக்கின் கல்லறைக் கல்லிலிருந்து வந்தது. அதே கல் சென்னைக்கருகே பரங்கிமலையில் நிற்கிறது. ரி. எச். ஹொலண்ட் என்ற புவியியலாளர் வைத்த பெயர். ஆனால் அது கல் வகைக்கான பெயர், ஆளின் பெயரில் வைக்கலாம். ஃபோர்மேஷனுக்கு அப்படி வைப்பதில்லை. நம் நாட்டில் இவற்றை முறையாகப் பதியத் தொடங்கியவர்களில் முன்னோடி, கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கலை பற்றி எழுதியவராகவே எல்லாரும் அவரை அறிவார்கள். 1903இல் இலங்கையின் கனிமவள ஆய்வுக்கு முதல் இயக்குநராக இருந்தவர் அவர் என்பதை மகளின் அட்டையில் சேர்த்தாலும் தவறில்லை.

அப்படியானால் இதற்கு ‘கல்கிசை ஃபோர்மேஷன்’ என்று பெயர் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது, உங்களுக்கு அதிகாரம் இல்லை என்பதால் அல்ல, அந்தச் சொல் இந்தக் கல்லுக்குப் பொருந்தாது என்பதால். ஃபோர்மேஷன் என்றால் கீழ்ப்படை மூத்தது, மேற்படை இளையது என்ற ஒழுங்கு இருக்க வேண்டும். நைஸில் நீங்கள் காணும் பட்டிகள் சேறு படிந்த படைகள் என்று சொல்ல முடியாது. ஆழத்தில் பாறை இளகி நசுங்கி இழுபட்டபோது கனிமங்கள் பிரிந்து அடுக்கிய பட்டிகளாகவும் இருக்கலாம். மூலத்தில் சேற்றுக்கல்லாகவே இருந்தாலும் அந்த ஒழுங்கு அழிந்துவிட்டது. அதனால் இத்தகைய பாறைகளைத் ‘தொகுதி’ என்ற பெயரில் பிரிக்கிறார்கள்: வன்னித் தொகுதி, உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி, கடுகண்ணாவைத் தொகுதி. கொழும்பை வன்னித் தொகுதிக்குள் வைப்பது இன்றைய வழக்கம், நானும் அப்படியே எழுதுவேன். ஆனால் தென்மேற்கில் வன்னிக்கும் உயர்நிலத்துக்கும் இடையிலான கோடு தரையில் பளிச்சென்று தெரிகிற கோடல்ல. வயது வரியிலும் கவனம் தேவை. ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று நாங்கள் சொல்வது இந்தப் பாறை உருமாறிய காலம். அதன் மூலப்பொருள் அதற்கும் வெகு முந்தியது. கிம்மரிட்ஜ் அட்டையில் ‘படிந்த காலம்’ என்று எழுதும் இடத்தில் இங்கே ‘உருமாறிய காலம்’ என்று எழுத வேண்டும்.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது படம், வெள்ளவத்தையில் அலை படும் இடத்தில் கடலை நோக்கிச் சரிந்து கிடக்கும் பழுப்புப் பலகைக் கற்கள், எனக்குச் சந்தேகம். கடற்கரை மணல் சுண்ணாம்பால் ஒட்டி இறுகிய கரைப்பாறையாக இருக்கக்கூடும். தென்மேற்குக் கரையோரத்தில் அது உண்டு, கடலுக்குள் மணற்கல் பார்களும் உண்டு. நசிந்த சிப்பித் துண்டுகள் தெரிகிறதா பாருங்கள். ஒரு துளி வினாகிரி விட்டால் நுரைக்கும்; நுரைக்கவில்லையென்றால் கொஞ்சம் சுரண்டித் தூளாக்கி மறுபடி விட்டுப் பாருங்கள். எதுவானாலும் அதற்குமுன் ஒரு கேள்வி: அந்தக் கல் அங்கேயே பிறந்ததா? வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் ரயில் பாதையைக் கடல் அரிக்காமலிருக்க லொறி லொறியாகக் கருங்கல் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். அவை உள்நாட்டுக் கல்லுடைக்கும் இடங்களிலிருந்து வந்தவை. அவற்றை ‘வெள்ளவத்தைப் பாறை’ என்று எழுதிவிட்டால் அட்டையே பொய்யாகிவிடும். அடியில் மண்ணோடும் பக்கத்துப் பாறையோடும் தொடர்ந்து போகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இலங்கையில் ஷேலே இல்லையா என்றால், உண்டு. ஆனால் கரையோரத்தில் போய்ப் பார்க்கத்தக்கதாக அல்ல. புத்தளத்துக்கு அப்பால் தப்போவைக் குளத்தை ஒட்டியும், தெற்கே ஆண்டிகமப் பக்கமும் பழைய பாறைக்குள் இறங்கிய பள்ளங்களில் ஜுராசிக் மணற்கல்லும் சேற்றுக்கல்லும் ஷேலும் இருக்கின்றன. தப்போவையின் செடிச் சுவடுகளை செவார்ட், ஹொல்ற்றம் என்ற இரு தாவரவியலாளர் 1922இல் விவரித்து எழுதினார்கள். கிம்மரிட்ஜ் கல்லைப் போலவே ஜுராசிக் காலத்தது, ஆனால் கடலில் அல்லாமல் நிலத்து நீர்நிலைகளில் படிந்தது. கண்காட்சியில் கல்கிசைக்குப் பதிலாக இதைப் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு இன்னும் அர்த்தமுள்ளதாக இருக்கும். ஒரு விடுமுறையில் போய் வாருங்கள்.

விவரணை எழுதுவது எப்படி என்பதை நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் பெயரைவிட அதுதான் முக்கியம். பெயர் பிழைத்தாலும் விவரணை சரியாக இருந்தால் பின்னால் வருபவர் திருத்திக்கொள்வார், மறுதலையாக நடக்காது. நிறத்தில் தொடங்குங்கள்; ஈரக் கல்லா காய்ந்த கல்லா, வெளிமுகமா புதிதாய் உடைந்த முகமா என்று சேர்த்து. கடலோரத்தில் இது மிக முக்கியம், ஏனென்றால் நனைந்த எந்தக் கல்லும் கறுப்பாகவே தெரியும், பாசி வேறு மூடியிருக்கும். பிறகு துணிக்கை: சின்னத் துணுக்கைப் பல்லில் வைத்துக் கடித்தால் வழுவழுவென்றால் களி, நறநறவென்றால் வண்டல், ஆய்வுக்கூடம் இல்லாத இடத்தில் இன்றும் நாங்கள் இதைத்தான் செய்கிறோம். பிறகு தகடு எவ்வளவு மெல்லியது, மேல் கீழ்ப் படைகளோடு திடீரென்று மாறுகிறதா படிப்படியாகவா, சுவடுகள் என்ன, போத்தல் கண்ணாடியைக் கீறுகிறதா. ஷேல் கீறாது, நைஸ் கீறும்.

தடிப்பில் பலர் சறுக்குகிறார்கள். அலை வெட்டிய தட்டையான மேடையில் படைகள் சரிந்து வெளிப்பட்டிருந்தால், கால் நடையாக அளந்த தூரம் தடிப்பு அல்ல. சரியும் திசையில் 30 மீற்றர் நடந்தீர்கள், படை 10 பாகை சரிகிறது என்றால் உண்மைத் தடிப்பு 30ஐ 10 பாகையின் சைனால் பெருக்க வருவது, ஐந்து மீற்றருக்குச் சற்று மேல். சரிவை அளக்கக் கைபேசிச் செயலியே போதும். திசையை மட்டும் ரயில் பாதைக்குப் பக்கத்தில் நின்று அளக்காதீர்கள், தண்டவாள இரும்பு ஊசியைக் குழப்பும்.

இப்போது அட்டைகள். முதலாவதில்: ‘கருஞ்சாம்பல் ஷேல், மெல்லிய தகடுகளாகப் பிரியும், உயிர்ப்பொருள் மிகுந்தது. கிம்மரிட்ஜ் கிளே ஃபோர்மேஷன். பிந்திய ஜுராசிக் காலத்தில் கடலில் படிந்தது. கிம்மரிட்ஜ் விரிகுடா, டோர்செற். கரையில் உதிர்ந்து கிடந்த துண்டு.’ இரண்டாவதில்: ‘பட்டிகள் கொண்ட நைஸ், மைக்கா உண்டு. வன்னித் தொகுதி. ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் உருமாறியது. கல்கிசை முனை; இருந்த இடத்திலேயே எடுத்த படம்.’ மூன்றாவது படத்தை, வினாகிரிச் சோதனை முடியும்வரை தவிர்த்துவிடுங்கள்.

கல்லைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. கிம்மரிட்ஜ் ஷேலில் பைரைற் என்ற இரும்புச் சல்பைட்டு நுண்துணிக்கைகளாக இருப்பதுண்டு. கொழும்பின் ஈரக்காற்றில் அது மெல்ல மெல்ல ஒக்சியேற்றமடைந்து, கல்லின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்து, கந்தக அமிலமும் கசியும். கல் தகடு தகடாக உதிரும். அதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவாதீர்கள். உப்பு போக ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் நன்றாக உலர்த்தி, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டோடு மூடிய டப்பாவில் வையுங்கள். பெயரட்டையைக் கல்லுக்கு அடியில் வைக்காமல் டப்பாவின் வெளியே ஒட்டுங்கள். அமிலம் பட்டால் முதலில் போவது எழுதிய கடதாசிதான்.